வேம் பாக்கெட் வாங்கலாமா? மூணு பாக்கெட் வாங்கி ரெண்டு வருஷம் பார்த்தவன் சொல்றேன்

முதல்ல தீர்ப்ப சொல்லிடறேன், அப்புறம் கதை. வேம்னு (VAM) விக்கிற வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள்ள குடியிருந்து மண்ணுலேர்ந்து சத்து கொண்டாந்து குடுக்கற பூஞ்சணம், டூப்பு இல்ல, வேலை செய்யுது, ஆனா எல்லா பாக்கெட்டும் வேலை செய்யல, எல்லா மண்ணுலயும் அது தேவையும் இல்ல. உங்க மண்ணு உயிரோட இருந்தா காச மிச்சம் பண்ணுங்க. மண்ண யாராவது சொரண்டி எடுத்துட்டு போயிருந்தா நல்ல பாக்கெட்டா தேடி வாங்குங்க. இது தெரியாம நான் முதல் ரெண்டு பாக்கெட்டுக்கு குடுத்த காசு 1000 ரூபாய்க்கு மேல, அந்த வயித்தெரிச்சல்லதான் இத எழுதறேன்.

நமக்கு ஆலங்குடி பக்கம், செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா வந்து போனப்ப எங்க கொல்லையில நின்ன பலாமரம் முக்கால்வாசி சாஞ்சிருச்சு, தாத்தா வச்ச மரம்லாம் வேரோட பெரண்டு கெடந்துச்சு. அடிக்கட்டைய எடுக்க ஜேசிபி விட்டோம், விட்டதோட நிக்காம "அப்படியே சமப்படுத்தி குடுத்துருப்பா"ன்னு சொல்லிட்டோம், அவரும் மேல்மண்ண மொத்தமா வழிச்சு வரப்போரமா தள்ளிட்டு போயிட்டாரு. பார்க்க கிரவுண்டு மாதிரி அழகா இருந்துச்சு. அதுதான் நாங்க செஞ்ச பெரிய தப்புன்னு தெரிய நாலஞ்சு வருஷம் ஆச்சு. அந்த கெழக்குப் பக்கம் எத வச்சாலும் மொழங்கால் உயரத்துலயே நின்னுரும், சாகவும் சாகாது வளரவும் வளராது. மேற்கால புளியமரம் நிக்கிற பக்கம் ஜேசிபி போகல, அங்க வச்ச கன்னு மட்டும் சொல்லிவச்ச மாதிரி வந்துச்சு. ஒரே கெணத்து தண்ணி, ஒரே நர்சரி கன்னு, ஒரே சாணி எரு. அப்ப என்னதான் வித்தியாசம்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டுதான் இந்த வேம் பக்கம் வந்தேன்.

முதல் பாக்கெட் டவுன்ல ஒரு உரக்கடையில வாங்குனது, கடை பேரு வேணாம். நான் மரக்கன்னுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு கிலோ பாக்கெட்ட எடுத்து மேசையில வச்சாரு. "தம்பி, இத போட்டா டிஏபியே வேணாம், நெல்லுக்கு போடலாம், கீரைக்கு போடலாம், முள்ளங்கிக்கு போடலாம், எல்லாத்துக்கும் ஆகும்"னாரு. (டிஏபின்னா மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், நெறைய உள்ள ரசாயன உரம்.) அந்த முள்ளங்கியில எனக்கு பொறி தட்டியிருக்கணும், அன்னிக்கு விவரம் பத்தல. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் இந்த குடும்பம் மொத்தமும் இந்த பூசணத்த வேருக்குள்ள சேர்த்துக்கறதே இல்ல. பாக்கெட் வாசல்ல வெயில்ல அடுக்கி கெடந்தது, தேதி ஸ்டிக்கருக்கு மேல இன்னொரு ஸ்டிக்கர். வீட்டுக்கு கொண்டாந்து வச்சா அப்பா கேக்குறாரு, "என்னடா, வேப்பம்புண்ணாக்கா, இவ்வளவு நயமா அரைச்சிருக்கான்?" வேம்னு போட்டிருந்தத பார்த்துட்டு வேம்புன்னு நெனச்சுட்டாரு. இல்லப்பா இது பூஞ்சணம்னேன். "காசு குடுத்து பூஞ்சணம் வாங்குனவன் நம்ம வம்சத்துலயே நீதான்"ன்னுட்டு போயிட்டாரு.

ரெண்டாவது பாக்கெட் ஆன்லைன். 100 கிராம் டப்பா, தண்ணியில கரையற பவுடர், டப்பா முழுக்க ஆங்கிலம், வேர் படம் ரெண்டு, போட்டது போடாததுன்னு. தண்ணியில போட்டா டிகாஷன் மாதிரி கறுப்பா கரையுது. பொடி எழுத்துல படிச்சா ஹியூமிக் அமிலம் (மக்குன பொருள்லேர்ந்து எடுக்கறது), கடல்பாசி சாறு எல்லாம் கலந்திருக்கு. இங்கதான் விஷயமே. ஹியூமிக்கும் பாசியும் போட்டா பத்து நாள்ல எலை கொஞ்சம் பளபளப்பாகும், நாம வேம் புடிச்சிருச்சுன்னு நெனச்சுக்குவோம், ஆனா வேம் பத்து நாள்ல எதையும் காட்டாது, அது வேருக்குள்ள நொழைஞ்சு குடும்பம் நடத்தவே நாலு வாரம் ஆறு வாரம் ஆகும்.

மூணாவது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல, ஒரு கல்யாணத்துக்கு போனப்ப ஓரெட்டு எட்டிப்பார்த்து வாங்குனது. சாதா பிளாஸ்டிக் கவர், படம் கிடையாது ஒண்ணும் கிடையாது, உள்ள மினுமினுன்னு வெர்மிகுலைட்டும் (சூட்டுல பொரிய வச்ச ஒரு கனிமத் துகள்) அதுக்கு நடுவுல நறுக்குன வேர் துண்டும். பார்த்தா தேங்கா நாரு குப்பை மாதிரி இருக்கும். முதல்ல ஏமாந்துட்டமோன்னுதான் நெனச்சேன், பிறகுதான் தெரிஞ்சது அந்த வேர் துண்டுதான் சரக்கே.

ஏன்னா இந்த பூசணத்த பாட்டில்ல, கஞ்சியில, ஜெல்லுல தனியா வளக்க முடியாது. உயிருள்ள வேர் இருந்தாத்தான் பெருகும். அதனால மக்காச்சோளமோ சோளமோ வெதைச்சு, அந்த வேர்ல இத வளத்து, வேரையும் மண்ணையும் சேர்த்து நறுக்கி பாக்கெட் போடறாங்க. டிரைக்கோடெர்மா சூடோமோனாஸ்னு நோய் தடுக்க விக்கிற நுண்ணுயிர் மாதிரி டேங்க்ல காய்ச்சி எறக்கற சமாச்சாரம் இல்ல. தண்ணியில கரையற டப்பா எல்லாமே பொய்னு சொல்ல மாட்டேன், ஆய்வகத்துல வேர வளத்து அதுல பூசணத்தோட வித்த (ஸ்போர்) மட்டும் பிரிச்செடுக்கற முறையும் இருக்கு, ஆனா அது செலவு புடிச்ச வேலை.

சரி, இது மரத்துக்கு என்னதான் பண்ணுது. நம்ம செம்மண்ணுல மணிச்சத்து இல்லாம இல்ல, இருக்கு, ஆனா இரும்பும் அலுமினியமும் அத கெட்டியா புடிச்சு வச்சிருக்கும். மணிச்சத்து மண்ணுல நகராத சாமான், தழைச்சத்து (நைட்ரஜன்) மாதிரி தண்ணியோட ஓடி வராது. வேர் தன்ன சுத்தி ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர்ல இருக்கறத உறிஞ்சிட்டா அதோட அங்க காலி, பக்கத்துலயே சாப்பாடு இருந்தும் எட்டாது. பூசணத்தோட இழை தலைமுடிய விட பல மடங்கு மெல்லிசு, வேர் போகாத சந்துலயும் போகும், சென்டிமீட்டர் கணக்குல வெளிய நீண்டு மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டாந்து வேர் செல்லுக்குள்ள குட்டி மரம் மாதிரி கெளை பிரிஞ்சு எறக்கி வைக்கும். பதிலுக்கு மரம் எலையில சமைச்ச சர்க்கரையும் கொழுப்பும் குடுக்கும். பண்டமாத்து வியாபாரம், அவ்வளவுதான். இது நேத்து ஆரம்பிச்ச பழக்கமும் இல்ல, ஸ்காட்லாந்துல ரைனின்னு ஒரு ஊர்ல 40 கோடி வருஷத்துக்கு முந்தின செடி கல்லா மாறி கெடச்சிருக்கு, அதுக்குள்ளயே இந்த பூசணம் உக்காந்திருக்கு. அந்த செடிக்கு ஒழுங்கான வேரே கெடையாது. ஆளுங்களுக்கு தெரிய வந்தது மட்டும் லேட், 1885ல ஃப்ராங்க்னு ஒரு ஜெர்மன்காரர்தான் இந்த வேர்-பூசண கூட்டுக்கு மைக்கோரைசான்னு பேரே வச்சாரு.

பலா, மா, தேக்கு, செம்மரம், மகோகனி, கொய்யா, எலுமிச்சை எல்லாம் இந்த வேம் கட்சி. சவுக்கு இன்னும் கில்லாடி, வேர்ல முடிச்சு போட்டு ஃப்ராங்கியான்னு ஒரு பாக்டீரியாவ வச்சு தழைச்சத்த தானே தயார் பண்ணிக்கும், கூடவே பூசணத்தையும் சேர்த்துக்கும். ஆனா ஊட்டி கொடைக்கானல்ல பைன் மரத்தடியில செவப்பு குடையில வெள்ளை புள்ளியோட காளான் பார்த்திருப்பீங்கல்ல, அது வேற கட்சி, வேர் செல்லுக்குள்ள போகாம வெளிய உறை மாதிரி சுத்திக்கிற வகை, பைனோட சேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து வந்தது. நம்ம பக்கம் தைலமரக்காட்டுல மழைக்கப்புறம் மண்ண பொளந்துகிட்டு வர்ற காவிப்பொடி உருண்டையும் அந்த வகைதான். தைலமரம் ரெண்டு கட்சியிலயும் கார்டு வச்சிருக்கும். எவனாவது ஒரே பாக்கெட்டுல எல்லா மரத்துக்கும் பூசணம் இருக்குன்னு சொன்னா எந்தெந்த வகைன்னு கேளுங்க, பதில் வரலேன்னா கெளம்பிருங்க.

இப்ப டெஸ்ட்டு. பாக்கெட்டுக்குள்ள உயிர் இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்தா தெரியாது. நான் செஞ்சது இதுதான்: கெழக்குப் பக்க மண்ண சலிச்சு, பெரிய குண்டான்ல ஆவியில ஒருமணி நேரம் வேகவச்சு (வீட்டுல குண்டான் போனதுக்கு நடந்த சண்டை தனி ரிவ்யூ போடற அளவுக்கு இருக்கு), ஆறவச்சு நாலு தொட்டியில நெரப்பி, மூணுல ஒவ்வொரு பாக்கெட்டையும் வெதைக்கு ஒரு இஞ்ச் கீழ போட்டு, நாலாவத சும்மா விட்டு, எல்லாத்துலயும் மக்காச்சோளம். 45 நாள் கழிச்சு புடுங்கி, மெல்லிசான வேரா வெட்டி எடுத்துகிட்டு எங்க ஸ்கூல் கெமிஸ்ட்ரி சார்கிட்ட போனேன். பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல வேர சூடு பண்ணா உள்ள இருக்கற சாறெல்லாம் போயி கண்ணாடி மாதிரி ஆகும், அத நல்லா அலசிட்டு வினிகர்ல கொஞ்சூண்டு பேனா இங்க் கலந்து அதுல மூணு நிமிஷம் கொதிக்க விடணும். லேப்ல வேற சாயம் போடுவாங்க, ஆனா இங்க் வினிகர் முறையும் ஆராய்ச்சிக்காரங்களே கண்டுபுடிச்சு 1998லேர்ந்து பயன்படுத்தறதுதான், நம்ம லோக்கல் ஐடியா இல்ல. (பொட்டாசியம் ஹைட்ராக்சைட வீட்டு அடுப்புல வைக்காதீங்க, கையில பட்டா தோலு போயிரும், கண்ணுல பட்டா கண்ணே போயிரும், சார் கிளவுஸ் கண்ணாடி போட்டுதான் செஞ்சாரு.)

ஸ்கூல் மைக்ராஸ்கோப்புல முதல் தொட்டி வேர், சுத்தமான வெள்ளை, ஒண்ணுமே இல்ல, சும்மா விட்ட நாலாவது தொட்டியும் இதுவும் ஒண்ணு. ஒரு கிலோ மண்ண 280 ரூபாய்க்கு வாங்கியிருக்கேன். ரெண்டாவதுல அங்கங்க ஒரு கோடு, அதுவும் தேடித்தேடி பார்த்தாத்தான், ஆனா செடி என்னமோ பச்சையாத்தான் இருந்துச்சு, ஹியூமிக் புண்ணியம். மூணாவது வேர வச்சதும் சார் "அட, இங்க பாரு"ன்னு என் தலைய புடிச்சு அமுத்துறாரு. வேருக்குள்ள ரயில் தண்டவாளம் மாதிரி நீலக்கோடு ஓடுது, நடுநடுவுல முட்டை முட்டையா நீலப்பை தொங்குது. அந்த பைக்குள்ளதான் பூசணம் கொழுப்ப சேத்து வச்சுக்கும், வேம்ங்கற பேர்ல முதல் எழுத்தே (V, வெசிகிள்) அந்த பைக்குத்தான்.

அந்த வருஷம் பொரட்டாசி கடைசியில மழை தொடங்குனதும் கெழக்குப் பக்கம் பலாவும் செம்மரமுமா வச்சேன், குழிக்கு 20 கிராம் மூணாவது பாக்கெட், வேருக்கு நேர் கீழ படற மாதிரி. தூவிவிட்டா வேஸ்ட்டு, வேர் அத தொடணும். கொஞ்ச கன்ன ஒண்ணும் போடாம விட்டேன். ஒரு எட்டு கன்னுக்கு மட்டும் புளியமரத்தடியில அரை அடி ஆழத்து மண்ண, சல்லிவேரோட, ஆளுக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டேன். இது எந்த கடையிலயும் விக்கறதில்ல, காசும் இல்ல. மேற்குப் பக்கமும் பாதிக்கு வேம், பாதிக்கு சும்மா.

ஒரு கூத்தும் நடந்துச்சு. நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு மாமா வந்து, கன்னு பாவம் தெம்பில்லாம நிக்குதேன்னு கெழக்குப் பக்கம் வேம் போட்ட ஒரு வரிசைக்கு மட்டும் கைப்புடி கைப்புடியா டிஏபி வச்சுட்டு போயிட்டாரு. கோவம் வந்துச்சு, ஆனா இப்ப யோசிச்சா அந்த வரிசைதான் எனக்கு பெரிய பாடம். மழைக்காலம் முழுக்க அந்த வரிசைதான் டாப்பு, மாமா வர்றப்பல்லாம் காலர தூக்கிவிட்டுக்குவாரு. கத்திரி வெயில்ல பார்த்தா முதல்ல தொவண்டது அதுதான். ஒரு கன்னோட சல்லிவேர எடுத்து இங்க் போட்டு பார்த்தா நீலமே காணோம், அங்கொண்ணு இங்கொண்ணு. காரணம் என்னன்னா செடிக்கு மணிச்சத்து பத்தாம பசிச்சாத்தான் வேர்லேர்ந்து ஸ்ட்ரைகோலாக்டோன்னு ஒரு வாசனைய மண்ணுல விடும், அது பட்டாத்தான் பூசணம் கெளை விட்டு வேர தேடி வரும், 2005ல ஜப்பான்ல கண்டுபுடிச்சது இது. வயிறு ரொம்புனவன் எதுக்கு கூப்புடப் போறான். வேம் போட்டுட்டு டிஏபியும் வைக்கிறது, விருந்தாளிய வரச்சொல்லிட்டு வாசக்கதவ பூட்டுற கதை. கார்பென்டாசிம்னு பூஞ்சணக்கொல்லி ஊத்தறதும் அப்படித்தான், அது நல்ல பூஞ்சணம் கெட்ட பூஞ்சணம் பார்க்காது. நர்சரியில ஏற்கனவே ஊத்தியிருக்காங்களான்னு கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது வருஷ நெலவரம்: கெழக்குப் பக்கம் சும்மா விட்டது இன்னும் மொழங்காலத் தாண்டல, ஆறேழு போச்சு. வேம் போட்டது இடுப்புக்கு மேல, பலா ரெண்டு மூணு என் நெஞ்சு உயரம். புளியமரத்து மண்ணு போட்ட எட்டும் வேம் போட்டதுக்கு ஒரு சாண் முன்ன பின்ன, அவ்வளவுதான். மேற்குப் பக்கம்? வேம் போட்டதுக்கும் போடாததுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. எது எதுன்னு குச்சியில கட்டுன துணிய பார்த்தாத்தான் தெரியும். அங்க மண்ணுலயே ஊர்க்கார பூசணம் ஏகப்பட்டது இருக்கு, கோயம்புத்தூர்லேர்ந்து வந்தவனுக்கு அங்க எடமில்ல. வெளிநாடுகள்ல பாக்கெட்டுகள வாங்கி சோதிச்ச ஆராய்ச்சிகள்லயும் நிறைய சரக்கு உயிரே இல்லாமதான் இருந்திருக்கு, உயிர் உள்ளதும் நல்ல மண்ணுல பெருசா ஒண்ணும் கிழிக்கலன்னுதான் வருது, ஆக என் கொல்லை ஒண்ணும் அதிசயம் இல்ல.

மரம் வளந்தத விட எனக்கு ஆச்சரியம் மண்ணு மாறினதுதான். சின்ன வேலை ஒண்ணு, யார் வேணா செய்யலாம். மண்ணாங்கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு ரெண்டு எடுத்து நல்லா காயவச்சு, கண்ணாடி டம்ளர் தண்ணியில மெதுவா எறக்கி விடுங்க. புளியமரத்தடி கட்டி அரைமணி நேரம் கழிச்சும் அப்படியே உக்காந்திருந்துச்சு, தண்ணி தெளிவா இருக்கு. ஜேசிபி ஓடுன மண்ணு ரெண்டே நிமிஷத்துல பொலபொலன்னு கரைஞ்சு டம்ளர் முழுக்க செம்மண் கலர் டீ. பூசண இழை மண் துகள வலை மாதிரி கட்டி வைக்குது, அதோட குளோமாலின்னு ஒரு பிசின் மாதிரி புரதமும் இருக்கு, 1996ல அமெரிக்க விவசாயத்துறையில சாரா ரைட்ங்கறவங்க வெளிய சொன்னது. அந்த குட்டி குட்டி கட்டிக்குள்ளதான் காத்தும் ஈரமும் நிக்குது, பாக்டீரியாவுக்கு அதுதான் குடித்தனம். கட்டி ஒடைஞ்சா குடியிருக்கறவனும் காலி. இப்ப கெழக்குப் பக்கம் வேம் பலா அடியில எடுத்த கட்டி பத்து நிமிஷம் தாங்குது, புளியமரத்த எட்ட இன்னும் நாளாகும்.

பாக்டீரியா கணக்கு இன்னும் சுவாரசியம். பூசணத்தால மணிச்சத்த தூக்கிட்டு வர முடியும், ஆனா மக்குன எலையிலயும் எருவுலயும் கட்டுண்டு கெடக்கறத பிரிச்செடுக்கற சாமர்த்தியம் அதுக்கு கம்மி. அதனால இழை நுனியில கொஞ்சம் சர்க்கரைய கசிய விடுது, அத சாப்பிட பாஸ்போபாக்டீரியா மாதிரி ஆளுங்க வந்து இழை மேலயே ஒட்டிக்கிட்டு மணிச்சத்த கரைச்சு குடுக்கறாங்க. மரம் பூசணத்துக்கு கூலி குடுக்க, பூசணம் பாக்டீரியாவுக்கு உள்குத்தகை விடற மாதிரி. அதனால பாஸ்போபாக்டீரியா, அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து குடுக்கற பாக்டீரியா) ரெண்டையும் எருவுல கலந்து கூட போட்டா நல்லதுதான், தனித்தனியா போட்டத விட சேர்த்து போட்ட குழி நல்லா வந்துச்சு. டிரைக்கோடெர்மாவ மட்டும் நான் 15 நாள் தள்ளி போட்டேன், அது மத்த பூஞ்சணத்த மேல ஏறி தின்கிற ஜாதி, வேம்ம தின்னுமா விடுமான்னு ஆராய்ச்சியே ரெண்டு பக்கமும் பேசுது, நமக்கெதுக்கு வம்பு.

புளியமரத்து மண்ணு ஓசிதானே, அப்ப பாக்கெட் எதுக்குன்னு கேப்பீங்க. நியாயம்தான், முடிஞ்சவங்க அதையே செய்யுங்க, ஆனா நோய் புடிச்ச மரத்தடியில எடுத்துடாதீங்க, வாழைத்தோட்டத்து மண்ணும் வேணாம், நூற்புழுவும் வாடல் நோயும் ஓசியிலயே கூட வந்துரும். சொரண்டாத பழைய கொல்லை, நாட்டு மரம், ஈரமான அரை அடி ஆழம், எடுத்த அன்னிக்கே போடறது, இது போதும். தேங்கா நாருல வளத்த கன்னு வாங்கறவங்க, வீட்டுமனைக்கு கிராவல் அடிச்ச எடத்துல மரம் வைக்கிறவங்க, குவாரி ஓரம் வைக்கிறவங்க, இவங்களுக்குத்தான் பாக்கெட்.

அதுலயும் ஒரு கிலோ வாங்கி பெருக்கிக்கலாம். பல்கலைக்கழகம் சொல்ற முறை: ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலம் ஒரு அடி ஆழத்துல குழி, கறுப்பு பாலித்தீன் விரிச்சு, 50 கிலோ வெர்மிகுலைட், வேகவச்ச மண்ணு 5 கிலோ, மேலேர்ந்து ஒண்ணு ரெண்டு இஞ்ச்சுக்குள்ள ஒரு கிலோ வேம், அதுக்கு மேல மக்காச்சோளம். 60 நாள்ல தட்டைய அறுத்து மாட்டுக்கு போட்டுட்டு வேர நறுக்கி கலந்தா சுமாரா 55 கிலோ. நான் பாதி அளவுல போட்டேன். வெர்மிகுலைட்தான் செலவு, மத்தபடி கஷ்டம் இல்ல. நடுவுல ஒரு மழையில குழி ரொம்பி ஒரு ஓரம் அழுகிருச்சு, கூரை போட்டுருங்க. மரத்துக்கு இடையில தரிசா விடாம சோளமும் தட்டைப்பயறும் தெளிச்சு விட்டேன், வேர் இருக்கற வரைக்கும்தான் பூசணம் இருக்கும், அதோட உழவும் கம்மி பண்ணிட்டேன், கலப்பை போற எடமெல்லாம் இழை அறுந்துரும்.

மார்க்கு: உரக்கடை பாக்கெட் பூஜ்யம், ஆன்லைன் டப்பா ஒண்ணரை ஸ்டார், அதுவும் ஹியூமிக்குக்காக. கோயம்புத்தூர் கவர் நாலு ஸ்டார், ஒரு ஸ்டார் கொறைச்சது நம்ம ஊர்லேர்ந்து அதுக்காக போகறது சிரமம்ங்கறதால. எங்க வாங்குனாலும் தேதி பாருங்க, வெயில்ல கெடந்தத வாங்காதீங்க, வீட்டுல நெழல்ல வைங்க.

பெரிய தென்னைக்கு பலாவுக்கு போடலாமான்னு கேக்கறவங்களுக்கு: மரத்துக்கு 200 கிராம், வேர் படற எடத்துல மண்ண கெளறி போடச் சொல்றாங்க. நான் போடல, எங்க தென்னை நிக்கிறது மேற்கால, அங்க தேவையில்ல. கெழக்கால வரப்போரம் தள்ளிவச்ச மேல்மண்ணுல புல்லு மொளைச்சு கெடக்கு, வர்ற ஆடியில மாமாவ கூப்புட்டு அத கூடையில அள்ளி குழிக்கு குழி போடலாம்னு இருக்கோம், டிஏபி மூட்டைய மட்டும் ரூம்ல வச்சு பூட்டியாச்சு.